கேசினோ மேல் கேஸ் போடலாமா? நீடாமங்கலத்துச் சகோதரிக்கு ஒரு வக்கீலின் பதில்

நீடாமங்கலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு சகோதரி எழுதிக் கேட்டிருக்கிறார். தம்பிக்கு முப்பத்தோரு வயது. வொர்க் பெர்மிட்டில் சிங்கப்பூர் போய் ஆறு வருஷம், கட்டுமான வேலை. முதல் மூன்று வருஷம் மாதம் தவறாமல் பணம் வந்தது. அப்புறம் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை. இப்போது வருவதே இல்லை, அவன்தான் ஊரில் இருப்பவர்களிடம் கைமாற்று கேட்கிறான். விசாரித்ததில் கேசினோ, அதாவது சூதாட்ட விடுதி. ஏஜெண்டுக்குக் கட்டுவதற்காக அடமானம் வைத்த மூன்று மா நிலம் இன்னும் திரும்பவில்லை. அவர் கேட்பது இதுதான்: "நிற்க முடியாதவனுக்கு மேலும் ஊற்றிக் கொடுத்தால் கடைக்காரனைத் திட்டுகிறோம். இவன் வெறிபிடித்து ஆடுகிறான் என்று தெரிந்தும் உள்ளே விட்டவர்களுக்குப் பொறுப்பே இல்லையா? கேஸ் போட்டால் பணம் வருமா?"

பணம் வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இந்தப் பதில் முழுவதையும் அந்த நம்பிக்கையோடு படிப்பீர்கள். ஆனால் பொறுப்பு உண்டா என்ற கேள்வி நியாயமானது. அதற்கு ஒரு வார்த்தையில் பதில் இல்லை.

நான் மன்னார்குடியில் இருபத்திரண்டு வருஷமாக வக்கீல் தொழில் செய்கிறேன். என்னிடம் வருவதில் பெரும்பகுதி புரோநோட்டு வழக்கும் செக் வழக்கும். வழக்குக் கட்டைப் பிரித்துக் கொஞ்ச நேரம் பேசினால் பலவற்றின் அடியில் ஓர் ஆட்டம் இருக்கும். முன்பு சீட்டு, நடுவில் மூணு நம்பர் லாட்டரி, அப்புறம் செல்போன் ரம்மி. கேசினோ எப்போதாவதுதான் வரும், வந்தால் தொகை பெரிதாக இருக்கும்.

"ஏமாற்றிவிட்டார்கள்" என்ற வாதம் எடுபடாது. கேசினோ ஏமாற்றத் தேவையே இல்லை. ரூலெட் சக்கரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், சுற்றும் சக்கரத்தில் பந்து எந்த எண்ணின் குழியில் விழும் என்று காசு வைக்கும் ஆட்டம். ஐரோப்பிய சக்கரத்தில் 0 முதல் 36 வரை 37 குழி. 37 பேர் ஆளுக்கொரு எண்ணில் ஒரு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வைத்தால் மேஜையில் 37 வெள்ளி. ஜெயித்தவனுக்குப் போட்ட ஒன்றும் அதற்கு மேல் 35-ம், ஆக 36. மிச்சம் ஒரு வெள்ளி மேஜைக்காரனுக்கு. நூற்றுக்கு 2.7 என்றால் அற்பமாகத்தான் தெரிகிறது, நம் ஊர் வட்டியோடு ஒப்பிட்டால் தர்மம் மாதிரி இருக்கிறது. ஆனால் அது மாதத்துக்கு ஒரு தடவை பிடிக்கும் வட்டி இல்லை. சக்கரம் ஒவ்வொரு தடவை சுற்றும்போதும் பிடிப்பது. ஜெயித்த காசையும் சேர்த்து மறுபடி மறுபடி வைப்பவனிடம் அது எத்தனை தடவை பிடிக்கும் என்று பாருங்கள். உங்கள் தம்பி எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறானோ அவ்வளவும் அவர்களுக்கு லாபம். உட்காரவைப்பதுதான் அந்தத் தொழில், சக்கரம் அப்புறம்தான்.

பொறுப்பும் அந்த இடத்தில்தான் வருகிறது. சென்ற பொங்கலுக்கு முன்னால் ஒரு பையன் ஆபீசுக்கு வந்தான். வேறொரு நாட்டில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவன், தோளில் ஒரு பை, கையில் உடைந்த கண்ணாடியோடு செல்போன். அந்த போனில் ஒரு செய்தியைக் காட்டினான். அவன் பிறந்தநாளன்று நள்ளிரவு 12 மணி 1 நிமிஷத்துக்கு வந்தது: வாழ்த்து, அதோடு ஒரு பஃபே சாப்பாட்டுக் கூப்பன், அனுப்பியது கேசினோ. "அம்மா காலையிலதான் சார் கூப்பிட்டாங்க" என்றான். அந்த மாதம் அவன் பாதிச் சம்பளத்தை அங்கே விட்டிருந்தான்.

மெம்பர் கார்டு என்று ஒன்று கொடுப்பார்கள். மெஷினில் செருகினால் எத்தனை மணிக்கு உட்கார்ந்தான், எவ்வளவு வைத்தான், எவ்வளவு தோற்றான், எத்தனை நாள் கழித்துத் திரும்பி வந்தான் என்பதெல்லாம் பதிவாகும். மேஜை ஆட்டத்தில் அதையே மேற்பார்வையாளர் குறித்துக்கொள்வார். யாருக்கு இலவச அறை, யாருக்குக் கூப்பன் என்று முடிவெடுக்கத்தான் இந்தக் கணக்கு. தோற்றதைப் பிடிக்கத் திரும்பத் திரும்ப வருவது, வைக்கும் தொகை ஏறிக்கொண்டே போவது, நேரம் நீண்டுகொண்டே போவது ஆகியவை சூதாட்ட நோயின் அறிகுறிகள். 2013-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்ப் பட்டியலைத் திருத்தியபோது இந்த நோயைக் குடியும் போதையும் இருக்கும் பிரிவுக்கே மாற்றியது. மருத்துவர் நோயாளியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி கேசினோ கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கிறது. பெண்டாட்டிக்கும் தெரியாத கணக்கு அது. அதைப் பார்த்துக் கூப்பன் அனுப்ப முடியுமென்றால், அதையே பார்த்து "தம்பி, இன்றைக்குப் போதும்" என்று சொல்லவும் முடியும். தெரியாது என்று அவர்கள் கையை விரிக்க முடியாது என்பது என் கருத்து.

நீதிமன்றங்கள் அப்படிப் பார்க்கவில்லை. இரண்டு வழக்குகளைச் சொல்கிறேன், ஏன் பணம் வராது என்பது புரியும்.

முதலாவது இங்கிலாந்தில், 2008-ல். கிரேஹவுண்ட் நாய்ப் பந்தயப் பயிற்சியாளர் ஒருவர் வில்லியம் ஹில் என்ற பந்தய நிறுவனத்துக்கு போன் செய்து, என் கணக்கை மூடுங்கள், என்னை ஆடவிடாதீர்கள் என்று தானே கேட்டார். சரி என்றார்கள், செய்யவில்லை. அவர் தொடர்ந்து ஆடி, கடைசியில் இழந்தது 20 லட்சம் பவுண்டுக்கு மேல். நீங்கள் ஒப்புக்கொண்டதைச் செய்யாதது தவறு என்று நீதிமன்றம் சொன்னது. ஆனால் இங்கே தடுத்திருந்தாலும் வேறிடத்தில் போய்த் தோற்றிருப்பார், ஆகவே நஷ்டஈடு இல்லை என்றும் சொன்னது. மேல்முறையீட்டிலும் அதேதான். சட்டம் படித்தவனாக அந்தத் தர்க்கம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஒவ்வொரு தடவை படிக்கும்போதும் எரிச்சல் வருகிறது.

இரண்டாவது ஆஸ்திரேலியா. மெல்போர்னில் கிரவுன் கேசினோவில் 2005-06-ல் ஒருவர் 2 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் இழந்தார். இன்னொரு மாநிலத்துக் கேசினோவில் நுழையக்கூடாது என்று அவர் மேல் தடை இருந்த நேரம் அது. கிரவுன் அவருக்குத் தனி விமானம் அனுப்பி அழைத்து வந்தது. நோயைத் தெரிந்துகொண்டே சுரண்டினார்கள் என்று அவர் வழக்குப் போட, 2013-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. தன் நலம் எது என்று முடிவெடுக்கும் திறன் அவருக்கு இருந்தது, பேரம் பேசித்தான் ஆடினார் என்றது தீர்ப்பு. கோடிகளை இழந்தவரே தோற்ற இடத்தில், பெர்மிட் தொழிலாளி என்ன வாதத்தை வைத்து ஜெயிப்பது?

ஆனால் கதை அதோடு முடியவில்லை. அதே கிரவுனுக்கு 2022 நவம்பரில் விக்டோரியா மாநிலத்தின் சூதாட்ட ஒழுங்குமுறை அமைப்பு 12 கோடி டாலர் அபராதம் போட்டது. குற்றச்சாட்டுகளில் ஒன்று, ஆட்களை இடைவெளி இல்லாமல் 24 மணி நேரத்துக்கு மேலும் ஆடவிட்டது. 2023 இறுதியிலிருந்து அங்கே மெஷினில் ஆட கார்டு கட்டாயம், எவ்வளவு வரை தோற்கலாம் என்று முன்கூட்டியே எல்லை வைப்பதும் கட்டாயம். பத்து வருஷத்துக்கு முன் நீதிமன்றம் ஆடியவனைப் பார்த்து "உனக்குப் புத்தி இல்லையா" என்று கேட்டது. இந்த அமைப்பு ஆடவிட்டவனைப் பார்த்து "உனக்குக் கண் இல்லையா" என்று கேட்டது. ஒரே ஆட்டம்தான், கேள்வியை யாரிடம் கேட்பது என்பதுதான் மாறிவிட்டது. அபராதம் அரசாங்கத்துக்குப் போகும், தோற்றவன் வீட்டுக்கு வராது என்பது வேறு விஷயம்.

உங்கள் தம்பிக்கு இதில் எங்கே இடம் என்று பார்ப்போம். எனக்கு மனது ஆறாத இடம் இது.

சிங்கப்பூர் 2010-ல் தன் இரண்டு கேசினோக்களைத் திறந்தது. திறப்பதற்கு முன்பே, 2005-ல், சூதாட்டப் பிரச்சினைக்கான தேசிய மன்றத்தை அமைத்துவிட்டது. சட்டம் 2006-ல். முன்யோசனைக்காரர்கள், குறை சொல்ல முடியாது. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் உள்ளே போக ஒரு நாளைக்கு 150 வெள்ளி நுழைவு வரி, வருஷத்துக்கு என்றால் 3,000 வெள்ளி. முதலில் 100-ம் 2,000-மாக இருந்தது, 2019 ஏப்ரலில் ஏற்றினார்கள். திவாலானவர்களுக்கும் அரசு உதவித்தொகையில் வாழ்பவர்களுக்கும் கதவு தானாகவே அடைப்பு. குடிமக்களுக்குக் கேசினோ கடன் கொடுக்கக்கூடாது, பெரும் தொகை டெபாசிட் கட்டிய பெரும்புள்ளிகளுக்கு மட்டும் விலக்கு. 21 வயதுக்குக் கீழ் யாருக்கும் அனுமதி இல்லை.

வெளிநாட்டுக்காரனுக்கு? வரி கிடையாது. வாசலில் இரண்டு வரிசை. ஊர்க்காரன் 150 வெள்ளி கட்டிவிட்டு யோசித்து யோசித்துப் போகிற இடத்தில், மன்னார்குடிப் பையன் அட்டையைக் காட்டிவிட்டு இலவசமாக உள்ளே போகிறான். வெளியே வெயில், டார்மிட்டரியில் ஒரு அறையில் பன்னிரண்டு பேர், ஞாயிற்றுக்கிழமை நம்மவர்கள் கூடும் தேக்கா பகுதியில் நிற்கக்கூட இடமில்லை. உள்ளே ஏசி, மெத்தை நாற்காலி, காசில்லாமல் டீ. போகாதவன்தான் அதிசயம்.

சிங்கப்பூரை மட்டும் சொல்வது நியாயமில்லை. கோவாவில் 2020 பிப்ரவரி 1 முதல் கோவாக்காரர்கள் கேசினோவுக்குள் போகக்கூடாது. மண்டோவி ஆற்றுக் கப்பல்களில் ஆடுவதெல்லாம் நம்மைப் போன்ற வெளியூர்க்காரர்கள். சிக்கிமிலும் உள்ளூர்க்காரர்களுக்குத் தடை. நேபாளத்தில் நேபாளிகளுக்குத் தடை. மலேசியாவில் கெந்திங் மலை மேல் இருக்கும் கேசினோவில் முஸ்லிம்களுக்குத் தடை. கவனித்தீர்களா? கேசினோ நடத்த அனுமதி கொடுத்த இந்த அரசுகள் ஒவ்வொன்றுக்கும் அது விஷம் என்று தெரியும். தெரிந்துதான் தன் வீட்டுப் பிள்ளைக்குக் கதவைச் சாத்தி, அடுத்த வீட்டுப் பிள்ளைக்குத் திறந்து வைத்திருக்கிறார்கள். நம் டெல்டாக்காரன் எங்கே போனாலும் அடுத்த வீட்டுப் பிள்ளை. பொறுப்புள்ள சூதாட்டம் என்று அவர்கள் பேசும்போது, யார் மேல் பொறுப்பு என்பதை மட்டும் கேளுங்கள்.

நம் வீட்டுப் பெருமையும் ஒன்றுமில்லை. என் சித்தப்பா ஊரில் ஒரு திண்ணையில் சீட்டு நடக்கும். சம்பா அறுவடை முடிந்த கையோடு சூடு பிடிக்கும். வீட்டுக்காரப் பெரியவர் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தன் பங்கை எடுத்துக்கொள்பவர்தான், மகான் இல்லை. ஆனால் ஒரு ராத்திரி சித்தப்பா விதைநெல் காசை எடுத்து வைத்தபோது சீட்டைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு, "உனக்கு இனிமே இங்க சீட்டு இல்லடா, எழுந்திரு" என்றார். மறுநாள் சித்தியிடமும் சொல்லிவிட்டார். காரணம் அன்பு மட்டுமில்லை, விடிந்தால் ஒரே குளத்தில் குளிக்க வேண்டும், ஒரே தெருவில் சித்தி முகத்தில் விழிக்க வேண்டும். டவுனுக்குப் போனால் இந்தக் கதையே மாறிவிடும். ஒரு மனமகிழ் மன்றத்தில், பெயர் வேண்டாம், என்னிடம் வழக்குக் கொடுத்த ஒருவரின் மனைவி வாசலில் நின்று அழுதும் "மெம்பரை வெளியே அனுப்ப எங்களுக்கு அதிகாரம் இல்லம்மா" என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

தமிழ்நாட்டில் லாட்டரியை 2003-ல் தடை செய்தார்கள். கேரளக் குலுக்கலின் கடைசி மூன்று எண்ணை வைத்து இங்கே துண்டுச் சீட்டில் ஆட்டம் ஓடுகிறது. செல்போனில் வந்தது பெரிய வெள்ளம். 2022-ல் மாநிலச் சட்டம், அதன்கீழ் 2025-ல் வந்த விதிகளில் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை காசு ஆட்டம் கூடாது, ஆதார் சரிபார்ப்பு வேண்டும் என்றெல்லாம் இருந்தது. நிறுவனங்கள் எதிர்த்துப் போனார்கள், அந்த ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் விதிகள் செல்லும் என்றது. ஆகஸ்டில் நாடாளுமன்றமே பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை மொத்தமாகத் தடை செய்து சட்டம் போட்டது, நடத்துபவருக்குத்தான் தண்டனை, ஆடுபவருக்கு இல்லை. அந்தக் கடைசி வரி எனக்குப் பிடித்தது. பெரிய கம்பெனிகள் கடையை மூடின. ஆனால் வெளிநாட்டில் சர்வர் வைத்து நடக்கும் பெட்டிங் ஆப்புக்கு வாசலும் இல்லை, வாசல்காரனும் இல்லை. அங்கே யாரைப் போய்க் கேட்பது?

அதனால்தான், வாசல் உள்ள இடத்தில் இருக்கிறான் என்பதே உங்கள் தம்பி விஷயத்தில் ஒரு நல்ல சேதி என்கிறேன்.

சிங்கப்பூரில் சுய விலக்கு என்று ஒன்று இருக்கிறது. என்னை உள்ளே விடாதீர்கள் என்று தானே எழுதிக் கொடுப்பது. பெர்மிட்டில் இருப்பவர்களும் கொடுக்கலாம், செலவு கிடையாது, ஆயிரக்கணக்கான வெளிநாட்டுத் தொழிலாளர்கள் கொடுத்திருக்கிறார்கள். ஒரு வருஷத்துக்குள் திரும்பப் பெற முடியாது. எழுதிக் கொடுத்துவிட்டால் வாசலில் அட்டையைத் தட்டும்போதே தெரிந்துவிடும். மீறி உள்ளே போய் ஜெயித்தாலும் அந்தப் பணம் பறிமுதல். கதவைக் காக்கும் கடமை அப்போது சட்டப்படி கேசினோவின் தலையில் ஏறிவிடும், தவறினால் அவர்களுக்கு அபராதம். இங்கிலாந்துக்காரர் போனில் கேட்டுக் கெஞ்சிய விஷயத்தை இங்கே ஓர் அரசு அமைப்பு நின்று நடத்துகிறது. சூதாட்டப் பிரச்சினைக்கான அந்தத் தேசிய மன்றத்தின் உதவி எண் 1800-6-668-668, அவன் அங்கிருந்தே கூப்பிடலாம். குடும்பத்தார் விண்ணப்பித்துத் தடை வாங்கும் குடும்ப விலக்கும் உண்டு. மனைவி, பெற்றோர், மக்கள், கூடப்பிறந்தவர்கள் கேட்கலாம். ஆனால் குழு முன்னால் விசாரணை நடக்கும், நீடாமங்கலத்தில் உட்கார்ந்துகொண்டு அதை நடத்துவது லேசில்லை. அவனே எழுதிக் கொடுப்பதுதான் வேகமான வழி.

கடன் பற்றி. சூதில் ஜெயித்தவன் தோற்றவன் மேல் வழக்குப் போட்டு வசூலிக்க முடியாது, 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு அப்படி. ஆனால் இந்த வரியைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். ஆட்டத்துக்காக மூன்றாவது ஆளிடம் கடன் வாங்கிப் புரோநோட்டில் கையெழுத்துப் போட்டிருந்தால், "சூதுக்குத்தானே வாங்கினான்" என்று சொல்லி மட்டும் தப்பிக்க முடியாது. அதே சமயம், நீங்களோ அப்பாவோ ஜாமீன் கையெழுத்துப் போடாதவரை அவன் கடனுக்கு நீங்கள் பொறுப்பில்லை. வீட்டு வாசலில் வந்து கத்துபவன் இதைச் சொல்ல மாட்டான். மீட்டர் வட்டி, மிரட்டல் என்று போனால் 2003-ஆம் வருஷத்துக் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது, எழுத்தில் புகார் கொடுங்கள், நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று கேட்கக் கஷ்டமாக இருக்கும். மிச்சமிருக்கும் நகையை வைத்து அவன் கடனை ஒரே மூச்சில் அடைக்காதீர்கள். நகைக்கடன் ரசீதோடு என் முன்னால் அழுத அக்காமார்களை நிறையப் பார்த்துவிட்டேன். கடன் அடைந்தது என்பது நமக்கு முடிவு, நோயாளிக்கு மறுபடி கை நீட்ட இடம் கிடைத்தது என்று அர்த்தம். கதவு அடைபட்ட பிறகு, வைத்தியம் ஆரம்பித்த பிறகு, கடன்காரரோடு தவணை பேசலாம். சிங்கப்பூரில் மனநலக் கழகத்தில் அடிமைப் பழக்கங்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. ஊருக்கு வந்தால் தஞ்சாவூர், திருவாரூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், நீங்களும் பேசலாம், உங்களுக்கும் தூக்கம் போயிருக்கும். செத்துப்போகிறேன் என்கிற மாதிரி அவன் ஒரு வார்த்தை சொன்னாலும் பயமுறுத்துகிறான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த நிமிஷம் பணப் பேச்சை நிறுத்திவிட்டு, கூட இருக்கும் நண்பனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள்.

பெரும்பாலும் அவனுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் லீவு இருக்கும். ஆகவே சனிக்கிழமை ராத்திரி கூப்பிடுங்கள். எவ்வளவு போச்சு என்று கேட்காதீர்கள், கேட்டால் பொய்தான் வரும். நிலத்தைப் பற்றியும் பேசவேண்டாம். அந்த 1800 எண்ணைச் சொல்லி, எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். மறுநாள் மத்தியானம் அவன் எழுதிக் கொடுத்துவிட்டானா என்று மட்டும் ஒரு போன். கொடுத்துவிட்டேன் என்றால் வந்த பதிலை வாட்ஸ்அப்பில் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வந்ததும் அடமானப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு என் ஆபீசுக்கு வாருங்கள், அந்த மூன்று மாவைப் பற்றி உட்கார்ந்து பேசுவோம்.